இருட்டில் ட்ரோன்: கொழும்பு வானத்தில் ஏற்றுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கல்யாணத்துக்கு வந்து இறங்கும் பெறாமகன் ஒருவனின் பெட்டியில் இப்போதெல்லாம் ஒரு மினி ட்ரோன் இருக்கும். வெள்ளவத்தையில் ஏதோ ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடி, இரவு எட்டு மணி, கீழே மரைன் டிரைவ் முழுக்க வாகன வெளிச்சம், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் இருண்ட கடல். பார்க்கிற யாருக்கும் ஏற்றிவிட ஆசை வரும். "சித்தப்பா, இது 249 கிராம்தானே, இதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஒண்டும் தேவையில்லை" என்று அவன் உறுதியாகச் சொல்வான். கனடாவிலிருந்து வந்தவன் என்றால் அவன் இருக்கிற நாட்டில் அது சரி. இங்கே பிழை.

அந்த 249 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டிய எல்லை 250 கிராம். அதற்கு ஒரு கிராம் கீழே நிற்பதற்காகவே டிஜேஐ என்ற ட்ரோன் நிறுவனம் தன் மாவிக் மினியை அந்த எடையில் செய்தது. ஜப்பானில் அப்போது எல்லை 200 கிராமாக இருந்ததால், அதே மாவிக் மினியை அங்கே சிறிய பற்றரியோடு 199 கிராமில் விற்றார்கள் (2022 ஜூனில் ஜப்பான் அதையும் 100 கிராமாகக் குறைத்துவிட்டது). இலங்கையின் கோடும் 200 கிராம்தான். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன்களை எடையைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கிறது: 25 கிலோவுக்கு மேல், ஒரு கிலோவிலிருந்து 25 கிலோ வரை, 200 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை, 200 கிராமுக்குக் கீழ். கடைசி வகைக்குத்தான் பதிவு தேவையில்லை. 135 கிராம் எடையுள்ள டிஜேஐ நியோ போன்றவை அதற்குள் வரும், மினி 3, மினி 4 ப்ரோ வராது. அவை மூன்றாவது வகை, பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால், நாட்டுக்குள் கொண்டுவருவதற்கே பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் கட்டுநாயக்கவில் இறங்கினால் சுங்கத்தில் பெட்டி திறக்கப்படும்போது கல்யாணக் களையே போய்விடும்.

சரி, பதிவு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பதிவு என்பது ட்ரோன் யாருடையது என்பதற்கான சான்று மட்டும்தான். எங்கே, எப்போது பறக்கலாம் என்பது வேறு கதை, இரவு என்பது அதற்குள்ளும் வேறு கதை.

இங்கே அடிப்படை விதி பகல்தான். பகல் வெளிச்சம், நல்ல வானிலை, கண்ணுக்குத் தெரியும் தூரம், கூட்டத்தின் மேல் இல்லை, விமான நிலையம், இராணுவம், அரச கட்டடங்கள் பக்கம் இல்லை. சூரியன் மறைந்த பிறகு ஏற்ற வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகக் கேட்டு, உங்கள் அனுமதியில் நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். "மாலைப் படப்பிடிப்பு" என்று பொதுவாக எழுதிக் கேட்காதீர்கள். எந்த வளவு, எந்தத் திகதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று விவரமாக எழுதுங்கள். பொலிஸ் வந்து நின்றால் அவர் பார்க்கப்போவது அந்த வரியைத்தான். இன்னொன்று, மறையும் சூரியனுக்குப் பிறகு மிஞ்சும் அந்திவெளிச்சத்தைப் பகல் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மற்ற நாடுகள் இரவை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பதும் பிரயோசனமானது, ஏனென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அந்த விதிகளே காட்டிக்கொடுக்கின்றன. அமெரிக்காவில் தொழில்முறையில் பறக்கவிடுவோர் 2021 ஏப்ரல் வரை இரவுக்கென்று விலக்கு வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு விலக்குத் தேவையில்லை, இரண்டு நிபந்தனைகள் மட்டும்: இரவுப் பறப்பு பற்றிய பாடம் சேர்ந்த பரீட்சை அல்லது பயிற்சி, மூன்று மைல் அதாவது ஏறக்குறைய 4.8 கிலோமீற்றர் தூரத்திலிருந்து தெரியக்கூடிய ஒளிர்ந்து அணையும் விளக்கு. ஐரோப்பாவில் 2022 ஜூலையிலிருந்து இரவில் பறக்கும் ட்ரோனில் பச்சை நிறத்தில் மின்னும் விளக்கு கட்டாயம், தரையில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தவுடன் அது ட்ரோன், விமானமில்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காக. பாருங்கள், பயிற்சி உங்கள் கண்ணைப் பற்றியது, விளக்கு அடுத்தவர் கண்ணைப் பற்றியது. கெமராவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தவர் கண் என்றதும், கொழும்பில் அதற்கு வேறு ஒரு கனம் இருக்கிறது. இந்த நகரத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எவருக்கும் 2007 ஏப்ரலில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த இரவு நினைவிருக்கும். ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் நின்றது, வானத்தை நோக்கி வெளிச்சக் கோடுகள் பாய்ந்தன, புலிகளின் சிறு விமானங்கள் மேலே இருக்கின்றன என்று சனம் இருட்டில் கிசுகிசுத்தது. 2009 பெப்ரவரி 20 இரவு அப்படி ஒரு விமானம் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் வந்து விழுந்தது. பத்து வருடம் கழித்து, 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குச் சில நாட்களிலேயே ட்ரோன் பறப்பதை முற்றாக நிறுத்தினார்கள், பிறகுதான் தளர்த்தினார்கள். இருட்டு வானத்தில் சத்தம் போட்டுக்கொண்டு நகரும் ஒரு வெளிச்சம் இங்கே வெறும் வெளிச்சமில்லை. அதைப் பார்க்கும் கிழவிக்கும், வீதித் தடையில் நிற்கும் பொலிஸ்காரருக்கும் முதலில் வருவது கல்யாண வீடியோ என்ற எண்ணம் அல்ல. தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையோடு இரவில் ஒரு மொட்டைமாடியில் ரிமோட்டுடன் நிற்கும்போது நாம் எல்லோரையும்விட ஒரு படி கூடுதலாக ஒழுங்காக இருக்க வேண்டியிருக்கிறது, அது நியாயமா இல்லையா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம், ஆனால் நிலைமை அதுதான்.

அதனால் நான் செய்வது இது. அனுமதிப் பத்திரத்தின் பிரதி இரண்டு கையில். அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு முதல்நாளே போய்ச் சொல்வது, சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதத்தோடு. கட்டடக் காவலாளிக்கும் மேல்மாடி வீட்டுக்காரருக்கும் அன்று பின்னேரமே சொல்வது. ஒருமுறை சொல்ல மறந்த மாடியிலிருந்து ஒரு அக்கா ஜன்னலைத் திறந்து, "தம்பி, உதென்ன எங்கட யன்னலுக்கு முன்னால நிக்குது, கெமராவோ?" என்று கேட்டார். ட்ரோன் அவர் வீட்டிலிருந்து நாற்பது மீற்றர் தள்ளிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இரவில் அவருக்கு அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? மேலே போய்த் திரையைக் காட்டிய பிறகுதான் அவருக்கு நிம்மதி. அவர் கேட்டது முழுக்கச் சரி.

இனி உங்கள் கண்ணுக்கு வருவோம், உண்மையான ஆபத்து இங்கேதான். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், திரையின் வெள்ளை வெளிச்சமோ மாடிக் கதவருகே எரியும் எல்இடி குமிழோ சில செக்கனில் அதைக் கெடுத்துவிடும். மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கும் கலங்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் இருட்டில் ஒரு பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும், சற்றே பக்கத்தில் பார்த்தால் தெரியும். இருட்டுப் பின்னணியில் ஒற்றை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அசையாமல் நிற்கும் அது தானாக நகர்வதுபோலத் தோன்றும். விமானிகளுக்கு இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுப்பார்கள்.

இன்னொரு ஏமாற்று இருக்கிறது, அதை நான் நேரே அனுபவித்தேன். பாணந்துறைப் பக்கம் கடற்கரையோரம் ஒரு வளவு, அனுமதியோடு ஒரு படப்பிடிப்பு. ட்ரோன் கடல் பக்கமாக நூற்றைம்பது மீற்றரில் நின்றது. மூக்கு அந்தப் பக்கம் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு, என்னிடம் வரவைக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன். வெளிச்சப் புள்ளி வருவதுபோலவே இருந்தது. பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மெதுவாக, "அண்ணா, தூரம் கூடுது. நூற்றெண்பது... இருநூற்றுப் பத்து..." என்றான். மூக்கு என் பக்கம் திரும்பியிருந்தது. நான் இழுக்க இழுக்க அது கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது, என் கண் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு கையையும் ஸ்டிக்கிலிருந்து எடுத்தேன், அது நின்றது. வரைபடத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்து, ஸ்டிக்கை முன்னால் தள்ளிக் கொண்டுவந்தேன். தனி ஆளாக நின்றிருந்தால் அந்த ட்ரோன் இன்று மீனுக்கு வீடு. அன்றிலிருந்து இரவில் இரண்டாவது ஆள் இல்லாமல் ஏற்றுவதில்லை, ஒருவர் வானத்தைப் பார்க்க, மற்றவர் திரையிலுள்ள எண்களை வாய்விட்டுச் சொல்ல.

ட்ரோனுக்கும் கண் இருக்கிறது, அதுவும் இருட்டில் குருடாகும். தடைகளைக் கண்டு நிற்க உதவும் சென்சர்களில் பெரும்பாலானவை சாதாரணக் கெமராக்கள்தான், அவற்றுக்கு ஓரளவு வெளிச்சம் வேண்டும். இருட்டில் திரையில் ஒரு சின்ன எச்சரிக்கை வரும், பலர் அதைத் தட்டிவிட்டுப் பறப்பார்கள். பகலில் சுவருக்கு முன்னால் தானாக நின்ற அதே ட்ரோன் இரவில் நிற்காமல் போய் மோதும். 2024 இல் வந்த ஏர் 3எஸ் போன்ற சிலவற்றில் முன்பக்கம் லைடார் இருக்கிறது, அது லேசர் ஒளியை அனுப்பித் தூரம் அளப்பதால் இருட்டிலும் வேலை செய்யும். ஆனாலும் முன்பக்கம் மட்டும்தான், மெல்லிய வயரை நம்பி விடவும் முடியாது. தரையைப் பார்த்து நிலையாக நிற்க உதவும் அடிக் கெமராவுக்கும் இதே கதை, இருண்ட கடலின் மேல் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, முழுப் பாரமும் ஜிபிஎஸ் தலையில். உயரக் கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறிக்கும். மொட்டைமாடிக் கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பும். ஏற்றுவதற்கு முன் தரையிலிருந்து தூக்கி ஒரு பிளாஸ்டிக் மேசையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

இதில் மிக மோசமாகக் கைவிடுவது தானாக வீடு திரும்பும் வசதி. சிக்னல் அறுந்தாலோ பற்றரி குறைந்தாலோ ட்ரோன் நீங்கள் குறித்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பி வரும். கொழும்பில் அந்த நேர்கோட்டில் என்ன இருக்கிறது? பேர வாவிக் கரையில் ஆல்டேர் என்ற தொடர்மாடி 240 மீற்றர். தாமரைக் கோபுரம் சுமார் 350. உலகில் பல நாடுகள் ட்ரோனுக்கு விதிக்கும் உச்சம் 120 மீற்றர், அந்த உயரத்தில் பறந்தாலும் நீங்கள் ஆல்டேரின் பாதியில்தான் இருப்பீர்கள். வெள்ளவத்தையில்கூடப் பாதி கட்டி நிற்கும் மாடிகளின் உச்சியில் கிரேன் கை நீண்டிருக்கும், நுனியில் ஒரு சிவப்பு விளக்கு, நடுவில் இருட்டு. அதனால் பகலிலேயே அதே இடத்தில் நின்று சுற்றியுள்ள ஒவ்வொரு உயரத்தையும் பார்த்து, எல்லாவற்றையும் தாண்டும் திரும்பும் உயரத்தைப் போட வேண்டும், அது அனுமதித்த உயரத்துக்குள் அடங்கவில்லை என்றால் அந்த இடம் இரவுக்கு உகந்ததல்ல. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

காற்றைப் பற்றி இங்கே யாரும் பேசுவதைக் காணவில்லை. கரையோரத்தில் பகலில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், இரவில் நிலம் குளிர்ந்ததும் திரும்பி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், மார்கழி தொடங்கி பங்குனி வரைக்கும் இது நன்றாகத் தெரியும். அப்படியென்றால் கடல் பக்கம் போகும்போது காற்று தள்ளிவிடும், பற்றரி மிச்சம் இருப்பதுபோலத் தெரியும், திரும்பும்போது எதிர்க்காற்று. பகலில் பற்றரி நாற்பது வீதத்தில் இருக்கும்போது திரும்புகிறவர் இரவில் அறுபதில் திரும்பட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் காற்று இரவிலும் கடலிலிருந்தே வரும், அப்போது இந்தப் பிரச்சினை இல்லை, பதிலாக உப்புத்தூறலும் திடீர் மழையும்.

காலிமுகத்திடலில் ஆடி ஆவணி மாதங்களில் பட்டம் ஏறும். பொழுதுபட்ட பிறகும் இறக்காமல் விடுகிறவர்கள் உண்டு, அந்த நூல் பகலிலேயே தெரியாது. வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, விளக்குக் கட்டிய பட்டம் இரவில் எவ்வளவு உயரத்தில் நிற்கும், அதன் கயிறு எவ்வளவு கனமானது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொழுது சாயும் நேரத்தில் கூடு திரும்பும் காகக் கூட்டமும் கவனிக்க வேண்டியது. எப்படியிருந்தாலும் காலிமுகத்திடல், கோட்டை, துறைமுகம் பக்கம் ஜனாதிபதி செயலகம், கடற்படை, வெளிநாட்டுத் தூதரகங்கள் எல்லாம் நெருக்கமாக இருப்பதால், தாமரைக் கோபுரத்தையும் துறைமுக நகரத்தையும் இரவில் எடுக்க நினைப்பவர்கள் ஒரு உயரமான மாடியிலிருந்து முக்காலி வைத்து எடுப்பதே மேல். தெற்கே போனால் இரத்மலானை விமான நிலையம், சிறு விமானங்களும் விமானப்படையும் பயிற்சிப் பாடசாலைகளும் பயன்படுத்துவது. வெள்ளவத்தையிலிருந்து நேர்கோட்டில் ஆறேழு கிலோமீற்றர், கல்கிசைக் கடற்கரையிலிருந்து மூன்று அளவில். ஹொட்டேல் கல்யாணங்களில் ட்ரோன் கேட்கும் ஆட்கள் மிகுந்த இடம் அதுதான், மறுக்க வேண்டிய இடமும் அதுதான்.

விளக்கு கட்டுவது இங்கே சட்டமோ இல்லையோ, கட்டுங்கள். சில கிராம்தான், 250 ஐத் தாண்டிவிடுமே என்ற வெளிநாட்டுக் கவலை நமக்கு இல்லை, நாம் ஏற்கனவே 200 ஐத் தாண்டியாயிற்று. மேல்பக்கம் ஒட்டுங்கள், ஆனால் ஜிபிஎஸ் இருக்கும் இடத்தையும் சென்சர்களையும் மறைக்காமல். கீழே ஒட்டினால் வெளிச்சம் லென்ஸில் வழியும். விமானத்தில் இடது சிவப்பு, வலது பச்சை. பல டிஜேஐ மாதிரிகளில் முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் பச்சை. இந்த வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

படத்தின் தரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசமாக வந்த படத்துக்காக மறுபடி மறுபடி ஏற்றுவதுதான் பல விபத்துகளின் தொடக்கம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் தெருவிளக்குகளும் மண்டப விளக்குகளும் செக்கனுக்கு நூறு தடவை துடிக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த ட்ரோன் செக்கனுக்கு 30 பிரேமில், ஷட்டர் அறுபதில் ஒரு செக்கனில் இருந்தால் படத்தில் விளக்குகள் அலைபோலத் துடிக்கும். 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு செக்கன், இவ்வளவுதான் மாற்றம். ஐஎஸ்ஓவை, அதாவது கெமராவின் ஒளியுணர்திறனை, 800 க்குள் வையுங்கள், மிஞ்சினால் 1600. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 3500 கெல்வின் அளவில் நிறுத்திவிடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் ஆவி பிடித்து எல்லா விளக்கும் பஞ்சுபோல வரும், பையோடு இருபது நிமிடம் வெளியே வைத்தால் சரியாகும்.

அப்புறம் நேரம். கொழும்பு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும். லண்டன் கோடையில் நீண்டு கிடக்கும் நீலப் பொழுது இங்கே இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வானத்தில் இன்னும் நீலம், நகரத்தில் விளக்கு எரியத் தொடங்கியாயிற்று, ட்ரோனின் உருவம் கண்ணுக்குத் தெரிகிறது. மிக நல்ல இரவுப் படங்கள் உண்மையில் அந்த இருபது நிமிடத்தில் எடுத்தவைதான். அனுமதி கேட்கும்போது ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை என்று கேளுங்கள், ஒன்பது மணி தேவையே இருக்காது.

ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போதும், மாசியில் கங்காராமயவின் பெரஹரா போகும்போதும் மேலிருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கீழே ஆயிரக்கணக்கில் தலைகள். பெரஹராவில் யானைகள், அவற்றின் காதுக்கு அந்தச் சுழலிச் சத்தம் எப்படிப்பட்டது என்று பாகன்களைக் கேட்டால் சொல்வார்கள். கால் கிலோ எடை நாற்பது மீற்றரிலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. கூட்டத்தின் மேல் வேண்டாம், ஓரத்து மாடியிலிருந்தும் ஏற்ற வேண்டாம்.

இறக்குவதில்தான் நிறையப் பேர் கடைசியில் தவறுகிறார்கள். இருட்டில் கடைசி இரண்டு மீற்றரில் ஆழம் தெரியாது, தண்ணீர்த் தாங்கிக் குழாயும் உடுப்புக் காயப்போடும் கம்பியும் அங்கேதான் இருக்கும். ஏற்றுவதற்கு முன்பே அந்த உடுப்புக் கம்பியை அவிழ்த்து, வெளிர்நிற விரிப்பு ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் சிறு விளக்கு வைத்து, ட்ரோன் இறங்கும்போது தம்பியை டோர்ச்சைப் பக்கவாட்டில் விரிப்பின் மேல் அடிக்கச் சொல்லுங்கள், ட்ரோனை நோக்கி அல்ல. அந்த வெளிச்சத்தில் அடிக் கெமராவுக்கும் தரை தெரியும். சுழலி முழுதாக நின்ற பிறகு, மேல்மாடி அக்காவுக்குக் கேட்கிற மாதிரி, "முடிஞ்சுது அக்கா, இறக்கியாச்சு" என்று ஒரு குரல்.